அம்மாச்சியின் அடுப்படியிலே

யாழ்ப்பாணத்துக்கு முதன்முறையாக வருகின்ற நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. நல்லூர்க் கோவிலின் நடை எப்பொழுது திறக்கும் என்பது ஒன்று. நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது கேள்விக்கு என் இளமைக்காலத்துப் பெரியவர்கள் ஒரே விடைதான் வைத்திருந்தார்கள்: "வீட்டிலே!"

காசு கொடுத்து வெளியிலே உண்பதை நம்மவர் ஒருகாலத்திலும் பெருமையாக எண்ணியதில்லை. "கடைச் சாப்பாடு" என்ற சொல்லிலேயே ஓர் இரக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வந்தவர், ஆசுபத்திரியிலே நோயாளியைப் பார்க்க வந்தவர், மனைவி ஊரிலில்லாத உத்தியோகத்தர் ஆகியோருக்கே கடை. மற்றையோருக்குச் சோறிட்டது வீடு. வீடு இல்லாதாருக்குச் சோறிட்டவை கோவிலும் மடமும். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அடியார் அழைப்பர். பட்டணத்திலே மலாயன் கபே போன்ற பழைய சைவ உணவகங்கள் வாழையிலையிலே பரிமாறி நற்பெயர் எடுத்தன என்பது உண்மையே. ஆயினும் வீட்டுச் சமையல் வேறு, கடைச் சமையல் வேறு என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை.

இத்தகைய ஊரிலே, வீட்டுச் சமையலையே கடைக்குக் கொண்டுவந்து, அந்தக் கடையையும் ஒன்றுக்குப் பலவாக ஆக்கிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் "அம்மாச்சி". தாயைப் பெற்ற தாயை அப்படி அழைப்பது நமது வழக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போய்வந்தேன். உண்பதற்காகப் பலமுறை போன இடந்தான். இம்முறை ஒரு கணக்குக்கு விடை தேடிப் போனேன்.

அந்தக் கணக்கு பிறந்த கதையை முதலிலே சொல்லவேண்டும்.

உரும்பிராயிலே எங்கள் ஒழுங்கையில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டிலே ஓர் அக்கா வாழ்கிறார். 2009ஆம் ஆண்டு வன்னியிலே போரின் கடைசி மாதங்களில் கணவரை இழந்து, இரண்டு வயதுக் குழந்தையுடன் தாய்வீட்டுக்குத் திரும்பியவர். திரும்பிய சில மாதங்களிலேயே இடியப்பம் அவித்துப் பட்டணத்திலுள்ள ஒரு கடைக்குக் கொடுக்கத் தொடங்கினார். இன்றும் அதிகாலை மூன்றரை மணிக்கு அவர் வீட்டு அடுப்பு எரியும். அந்த வருமானத்திலே வளர்ந்த பிள்ளை இப்பொழுது உயர்தரத்தில் வணிகப் பிரிவிலே படிக்கிறாள். நான் கல்லூரியிலே கற்பிப்பதும் அதே பாடமாகையால், சந்தேகம் வந்தால் மாலை வேளையிலே கொப்பியுடன் என்னிடம் வருவாள்.

ஆக்கற்செலவு கணிக்கும் பாடத்துக்கு, பாடநூலிலுள்ள தொழிற்சாலையை விட்டுத் தாயின் தொழிலையே உதாரணமாக எடுத்து எழுதி வரும்படி சொன்னேன். அழகாக எழுதி வந்தாள். அரிசிமா, தேங்காய், விறகு, பொதி செய்யும் தாள், பஸ் கட்டணம் என ஒவ்வொன்றும் தனித்தனி நிரலிலே நின்றன. கடைக்காரர் கொடுத்த தொகை எதிர்ப்பக்கத்திலே இருந்தது. விற்காமல் மாலையிலே திரும்பி வந்த இடியப்பங்களின் பெறுமதியைக் கழித்து, அடியிலே "இலாபம்" என்று எழுதி இரட்டைக் கோடும் இட்டிருந்தாள்.

"எல்லாம் சரி, பிள்ளை. அம்மான்ர கூலி எங்கை?" என்று கேட்டேன்.

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குக் கூலியோ, சேர்? அது எங்கட வீட்டு வேலைதானே."

அந்த விடை பல நாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தாய் நாள்தோறும் நான்கு மணித்தியாலம் புகையிலே நின்று செய்த வேலை, அவர் பெற்ற மகளின் கணக்கிலேயே ஏறவில்லை! அதே வாரத்திலே, திருநெல்வேலி அம்மாச்சியிலே ஓரிடம் கேட்டு விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று யாரோ அந்த அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்கோ தயக்கம். "சும்மா ஒருக்காப் போய்ப் பாப்பம், அக்கா. தோசை சாப்பிட்டுவிட்டு வருவம்," என்றேன். மகளும் புறப்பட்டாள். மூவருமாகப் பஸ் ஏறினோம்.

பலாலி வீதியைப் பற்றி வாசகருக்கு ஒரு சொல். வடக்கே அதன் முனையிலே விமான நிலையம். 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. தெற்கே அதன் முனையிலே பட்டணம். இடையிலே உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி என்று செம்மண் ஊர்கள். இருபுறமும் வாழையும் மரவள்ளியும் புகையிலையும் கிணற்று நீரிலே வளர்ந்த காலம் போய், இப்போது வீதியோரம் முழுவதும் கடைகள். எனினும் ஓர் ஒழுங்கை தாண்டி உள்ளே நுழைந்தால் இன்றும் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுகிறவரைக் காணலாம். கோண்டாவிலிலே பஸ் சாலையைத் தாண்டினால் சிறிது நேரத்தில் திருநெல்வேலிச் சந்தை வரும். அதற்கு அணித்தாக, 1974ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகம். மரக்கறிக்கு வருகிற விவசாயி, பாடத்துக்கு வருகிற மாணவர், அலுவலுக்கு வருகிற உத்தியோகத்தர் ஆகிய மூவரையும் ஒருங்கே காணக்கூடிய வீதி இது. உணவகம் வைக்க இதைவிட நல்ல இடம் குடாநாட்டிலே அரிது.

அம்மாச்சி அந்த வீதியிலேதான் இருக்கிறது. வெளித்தோற்றத்திலே ஆரவாரம் ஒன்றுமில்லை. உள்ளே வரிசையாகச் சிறு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அடுப்பு. அடுப்புக்குப் பின்னாலே தலைமயிரை மூடிக் கட்டிய பெண்கள். ஒருவர் தோசை வார்ப்பார். ஒருவர் அப்பச்சட்டியைச் சுழற்றுவார். ஒருவர் நீற்றுப்பெட்டியிலிருந்து பிட்டைக் கொட்டுவார். உழுந்து வடை, கொழுக்கட்டை, எள்ளுருண்டை, குரக்கன் பண்டங்கள், இலைக்கஞ்சி, பழச்சாறு என்று வகைகள் விரியும். மச்சமில்லை. போத்தலிலே அடைத்த சோடாவைத் தேடி வருவோருக்கு இங்கே வேலையில்லை. வேண்டியதைப் பார்த்துக் கேட்டு, காசைக் கொடுத்து, தட்டைக் கையிலே வாங்கிக்கொண்டு நாமே இருக்கை தேடி அமரவேண்டும். பரிமாறுவாரும் இல்லை; காத்திருப்பும் அதிகமில்லை.

தோசை மஞ்சளும் வெந்தயமும் மணக்கும் நமது வீட்டுத் தோசை. மாணவர், முதியோர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பத்தார், முச்சக்கரவண்டிச் சாரதியர் யாவரும் ஒரே வரிசையிலே நின்றார்கள். அடுப்படியில் நிற்கும் பெண் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இதைச் சிறு செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒருசாராருக்குத் தனிக் குவளையும் தனியிடமும் வைத்த காலம் ஒன்று இருந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆனாலும் 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைகளிலும் கோவில் வாசல்களிலும் போராட்டம் நடத்தித்தான் பல கதவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. "யாருடைய கை?" என்று கேட்டுத் தண்ணீர் குடித்த சமூகத்திலே, கையின் சுவையை மட்டும் கேட்டு வரிசையில் நிற்கிற ஒரு மாலைப்பொழுதை நான் வெறும் வியாபாரமாக எண்ணவில்லை.

தட்டுடன் அமர்ந்ததும் பிள்ளை தனது பாடத்துக்குத் திரும்பினாள். "சேர், இதுக்கு முதலாளி ஆர்?"

மிகச் சரியான கேள்வி. விடையைச் சற்று விரித்தே சொன்னேன். வாசகருக்கும் அதையே சொல்கிறேன்.

தெற்கிலே விவசாயத் திணைக்களம் "ஹெல பொஜுன்" என்ற பெயரிலே, கிராமத்துப் பெண்கள் உள்ளூர் உணவு செய்து விற்கும் நிலையங்களை அமைத்தது. அதே முறை வடக்குக்கு வந்தபோது பெயரைப் பற்றி வாதம் எழுந்தது. 2013 முதல் 2018 வரை இயங்கிய வட மாகாண சபையின் காலத்திலே "அம்மாச்சி" என்ற தமிழ்ப் பெயர் சூட்டப்பட்டது, அதுவே நிலைத்தது. திருநெல்வேலியிலே மட்டுமன்றிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களிலும் இப்பெயரிலே உணவகங்கள் எழுந்தன. போரினால் ஆண்துணை இழந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கிலே இருந்த மாகாணத்தில் பெண்களுக்கென ஒரு தொழில் வேண்டும் என்பது ஒரு நோக்கம். உழவர் விளைவிக்கும் தானியத்துக்கும் மரக்கறிக்கும் பக்கத்திலேயே ஒரு சந்தை வேண்டும் என்பது இன்னொரு நோக்கம்.

இனி இதன் வியாபார அமைப்பைப் பாருங்கள். கட்டடமும் அடிப்படை வசதிகளும் அரசாங்கத்துடையவை. பயிற்சியும் சுத்தத்தைப் பற்றிய மேற்பார்வையும் திணைக்களத்தைச் சேர்ந்தவை. அரிசி, உழுந்து, தேங்காய் வாங்குவது பெண்கள். சமைப்பதும் விற்பதும் அவர்களே. பராமரிப்புக்கென ஒரு சிறு தொகை போக, விற்ற பணம் அவர்களுடையது. ஆகவே சுவர் அரசாங்கத்துக்குச் சொந்தம். அடுப்பின் பலன் சமைத்தவளுக்குச் சொந்தம். ஒரு கூரையின்கீழே பல முதலாளிகள் என்று சொன்னாலும் பொருந்தும்.

இதிலே வணிகம் படிப்போர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சாதாரணமாக ஓர் உணவகம் தொடங்குபவனை அழுத்துபவை மூன்று: முற்பணமும் வாடகையும், தளபாடம், வாடிக்கையாளர் சேரும்வரை காத்திருக்கும் மாதங்கள். இம்மூன்று சுமைகளும் இங்கே பெண்ணின் தலையிலே ஏறுவதில்லை. அவள் போடவேண்டிய முதல் பெரும்பாலும் ஒரு நாளைய அரிசியும் உழுந்துமே. காலையிலே வாங்கிய பொருள் மாலையிலே காசாகிவிடும். கடன் இல்லை, தரகர் இல்லை. சிறு முதல் நாளுக்கொருமுறை சுழலுவதால் அது பெரிய முதலின் வேலையைச் செய்கிறது.

உலகத்து வழக்கம் இதற்கு மாறானது. அமெரிக்காவிலே 1948ஆம் ஆண்டு மக்டொனால்ட் சகோதரர் இருவர், தங்கள் கடையிலே பரிமாறுவோரை நிறுத்தி, ஒன்பது பண்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு, சமையலறையைத் தொழிற்சாலை போல் ஒழுங்குபடுத்தினார்கள். ஒருவர் இறைச்சியை வாட்டுவார், ஒருவர் பாணுக்குள் வைப்பார், ஒருவர் சுற்றுவார். பதினைந்து சதத்துக்கு உணவு. சில நொடிகளிலே கையில் வந்துவிடும். 1955 தொட்டு ரே கிரொக் என்பவர் அந்த முறையையும் பெயரையும் பிறருக்குக் குத்தகைபோலக் கொடுத்து வளர்த்தார். இன்று 40,000க்கு மேற்பட்ட கடைகள். அவற்றிற் பெரும்பாலானவை அப்பெயரை வாங்கி நடத்துவோருடையவை. பெயர் ஒருவருக்கும் கடை இன்னொருவருக்கும் உரியதாயின் என்ன நேரும் என்பதையும் நம் நாடு கண்டது. இங்கே நடத்தியவருக்கும் தாய்க் கம்பனிக்கும் இடையே எழுந்த பிணக்கினால் 2024 மார்ச்சிலே இலங்கையிலிருந்த 12 கடைகளும் மூடப்பட்டன.

அந்த அவசர உணவிலே சலித்தவர்களுக்காகப் பின்னர் ஒரு நடுவழி தோன்றியது. 1993ஆம் ஆண்டு டென்வர் நகரத்திலே, சமையற்கலை பயின்ற ஸ்ரீவ் எல்ஸ் என்ற இளைஞர், பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலே, முன்பு ஐஸ்கிறீம் விற்ற ஒரு சிறு கடையை எடுத்து "சிப்போட்லே" என்ற உணவகத்தைத் திறந்தார். பரிமாறுவார் இல்லை, ஆனால் உணவு கண்முன்னே புதிதாகச் சேர்க்கப்படும். பண்டம் சில, வரிசை ஒன்று, வேகம் உண்டு, ஆனால் சமையல் சமையலாகவே இருக்கும். கடைகளைப் பிறருக்குக் குத்தகைக்குக் கொடாமல் தாமே நடத்தி அந்நிறுவனம் வளர்ந்தது. பல்கலைக்கழகத்து அயல், கண்முன்னே சமையல், தானே எடுத்துச் செல்லும் தட்டு என்று பார்த்தால், டென்வருக்கும் திருநெல்வேலிக்கும் உறவு சொல்லலாம் போலிருக்கிறது!

ஆனால் வளர்ச்சி என்று வரும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அங்கே நூறாவது கடையிலும் முதற்கடையின் சுவையே இருக்கவேண்டும். அதற்காக, எந்தக் கை செய்தாலும் ஒன்றுபோல வரும்படி அளவும் முறையும் வகுத்துவிடுவார்கள். ஒரு கை போனால் இன்னொரு கை, வேறுபாடு தெரியக்கூடாது. அம்மாச்சியிலோ கையே சரக்கு. தோசைக்காரியின் தோசைக்கென்று வருபவர், அவள் வராத நாளிலே வெறுங்கையுடன் திரும்பினாலும் திரும்புவார். கையைப் பெருக்க முடியாது. கைகளைத்தான் சேர்க்க முடியும். ஆகையால் அம்மாச்சியின் வளர்ச்சிக்கு அளவுகோல் கடைகளின் எண்ணிக்கை அன்று. எத்தனை பெண்கள் உள்ளே வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் தமக்கென ஒரு பெயரும் முதலும் தேடிக்கொண்டார்கள் என்பதே அளவுகோல்.

இதை ஒத்த முயற்சிகள் பிற இடங்களிலும் உண்டு. இந்தியாவிலே கோப்பிச் சபை தனது கோப்பி நிலையங்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர் ஏ. கே. கோபாலனின் துணையுடன் 1957 தொட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து இந்தியன் கோப்பி ஹவுஸ்களைத் தாமே நடத்தினார்கள். பரிமாறுகிறவரே பங்காளி. சென்னையிலே 2013ஆம் ஆண்டு தொடங்கிய அம்மா உணவகம் வேறு வகை. ஒரு ரூபாவுக்கு இட்டலி. மிகுதிச் செலவை அரசாங்கம் சுமந்தது. அங்கே பெண்கள் சமைத்தாலும் விலை அவர்களுடையதன்று. அம்மாச்சி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இடத்தை அரசாங்கம் தருகிறது. உணவின் விலையை உண்பவன் தருகிறான். கூட்டுறவு நமக்கும் புதியதன்று. மூளாயிலே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நடத்திய மண் இது.

நான் இவ்வாறு விரிவுரை செய்துகொண்டிருக்க, அக்கா எழுந்து இடியப்பம் விற்கும் பெண்ணிடம் போய்விட்டார். தட்டிலிருந்த இடியப்பத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "மாவைப் பதமா வறுத்திருக்கிறீர், தங்கச்சி," என்றார். தொழிலாளிக்குத் தொழிலாளி தரும் பாராட்டு. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. நாங்களும் அருகே போனோம்.

"மிஞ்சினால் என்ன செய்வீர்?" என்பது அக்காவின் முதற் கேள்வி. இத்தனை ஆண்டுகளாகத் திரும்பி வந்த இடியப்பத்தை எண்ணியவர் வேறெதைக் கேட்பார்?

"மிஞ்சாத அளவுக்குத்தான் குழைப்பன், அக்கா. ரெண்டு நாள் பிழைக்கும். மூண்டாம் நாள் கை சொல்லும். சனத்தைக் கண்ணாலை பாக்கிறன்தானே. குறைஞ்சால் நிப்பாட்டிப்போடுவன்."

இந்தச் சொற்களிலே ஒரு முழுப் பாடம் அடங்கியிருக்கிறது. கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர் வாடிக்கையாளரைக் காண்பதில்லை. எத்தனை விற்கும் என்று தீர்மானிப்பவர் கடைக்காரர். தீர்மானம் பிழைத்தால் நட்டம் அடைபவர் அவித்தவர். இங்கே தீர்மானமும் நட்டமும் ஒரே கையிலே இருப்பதால் இரண்டும் அளவோடு நிற்கின்றன.

நான் என் கேள்வியைக் கேட்டேன். "உங்கட கூலியைக் கணக்கிலை எழுதுறனீங்களோ, தங்கச்சி?"

அவர் சிரித்தார். "பின்னேரம் நாளைக்குச் சாமான் வாங்கிற காசை எடுத்து வைச்சால், மிச்சம் என்ர கூலி, சேர். இலாபமெண்டு வேறை ஒண்டு இருக்கோ?"

இருக்கிறது என்பதுதான் பாடநூலின் விடை. பிறர் கடையிலே அதே வேலையைச் செய்தால் கிடைக்கக்கூடியது கூலி. அதற்கு மேலே, பொறுப்பேற்றதற்கும் கைத்திறனுக்கும் கிடைப்பது இலாபம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பவர், கூலியே குறைந்துபோனாலும் அதை இலாபம் என்று எண்ணி மகிழ்ந்துகொண்டிருப்பார். இது ஒருவருடைய குறையன்று. வீட்டுச் சமையலுக்கு விலை கிடையாது என்று நாம் எல்லோருமாகச் சேர்ந்து எழுதிவைத்த கணக்கின் பிழை. வீட்டுச் சுவையை மெச்சி, "மலிவு, மிக மலிவு" என்று புகழ்ந்து செல்கிற நம்மில் எத்தனை பேர் அந்த மலிவின் ஒரு பகுதி யாருடைய நித்திரையிலிருந்து வந்தது என்று நினைத்திருக்கிறோம்? நானும் நினைத்ததில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையிலே அக்கா 2022ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டை யார்தான் மறப்பார்? எரிவாயுவுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை, இருளிலே மூழ்கிய இரவுகள். செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்திய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்தது; உணவுப் பொருட்களின் விலை மட்டும் 94.9 சதவீதம்.

"அரிசி ரெண்டு மடங்காச்சுது, தம்பி. கடைக்காரர் கொஞ்சந்தான் கூட்டித் தந்தவர். நானும் விட்டுக்குடுத்திட்டன்."

"எதை விட்டுக்கொடுத்தீர்கள்?" என்று நான் கேட்கவில்லை. மகள் கேட்டாள். தாய் விடை சொல்லவில்லை.

அடுத்த வாரம் பிள்ளை கொப்பியுடன் வந்தாள். கணக்கை முதலிலிருந்து எழுதியிருந்தாள். மாவுக்கும் விறகுக்கும் கீழே ஒரு புது வரி: "அம்மாவின் கூலி, 4 மணித்தியாலம்." மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்பதை எங்கள் ஊரிலே வெங்காயம் நட வருகிற பெண்களுக்குக் கொடுக்கும் நாட்கூலியிலிருந்து கணித்திருந்தாள், அதிகப்படுத்தவில்லை. அடியிலே முன்பு "இலாபம்" என்று இருந்த இடத்திலே "நட்டம்" என்று எழுதி, வழக்கம்போல இரட்டைக் கோடு இட்டிருந்தாள்.

"அம்மாவுக்குக் காட்டினீரோ?"

"ஓம், சேர். கனநேரம் பாத்துக்கொண்டிருந்தவ. பிறகு, 'இவ்வளவு காலமும் நான் ஆருக்கு உழைச்சனான்?' எண்டு கேட்டவ."

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. மகளுக்காக என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மறுபாதி, ஊரார் மலிவாகக் காலையுணவு உண்பதற்காக.

பின்னர் நடந்தது இதுதான். அக்கா அந்தக் கடைக்காரரிடம் போய், ஓர் இடியப்பத்துக்கு இவ்வளவு விலை, திருப்பி எடுப்பதில்லை என்று சொன்னார். அவர் கோபிக்கவில்லை, யோசித்துவிட்டு, நாளாந்த எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அக்காவின் கைக்கு வரும் பணம் முன்னையதிலும் சற்றுக் குறைவு, வேலையோ பாதி. இப்பொழுது அவர் வீட்டு அடுப்பு ஐந்து மணிக்கே எரிகிறது. எஞ்சிய நேரத்திலே ஒழுங்கையிலுள்ள நாலு வீடுகளுக்குப் பிட்டு அவித்துக் கொடுத்துக் கைக்காசு வாங்குகிறார். அம்மாச்சிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார், பதிலை எதிர்பார்த்திருக்கிறார். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு மாலைப்பொழுது வீண்போகவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வரும் நண்பர்களுக்கு இனி நான் சொல்லப்போவது இது. நல்லூருக்குப் போங்கள், கும்பிட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு வாருங்கள். வரிசையிலே நின்று உங்கள் தட்டை நீங்களே வாங்குங்கள். தோசை நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள். ஆனால் "இவ்வளவு மலிவா!" என்று வியக்கு முன்னர், அடுப்படியில் நிற்பவர் இன்று எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பதையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.